குறுக்கே வைத்த கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நேற்று என்னை "ரிட்டயர்டு ஸ்டாஃப் பிரபு" என்று அறிமுகப்படுத்தியபோது பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தீர்கள். பார்த்துவிட்டேன். தலையில் நரை இல்லை, மீசையும் வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது, இவன் எதிலிருந்து ரிட்டயர் என்றுதானே? தூக்குவதிலிருந்து. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் தூக்கித் தூக்கி, முதுகில் ஒரு தட்டு நழுவிவிட்டது. இனிமேல் தண்ணீர்க் கேனைக்கூடத் தொடாதே என்றார் டாக்டர். கிரிக்கெட்டிலும் நம் தொழிலிலும்தான் இவ்வளவு சின்ன வயதில் ரிட்டயர் ஆகிறார்கள். கிரிக்கெட்டில் கை தட்டி அனுப்புவார்கள்.

பெட்ஷீட் மாற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சிஸ்டர் சொல்லித் தருவார். ஒழுங்காகக் கேளுங்கள், கேள்வி கேட்பார். நான் சொல்லப்போவது அவர் பாடத்தில் இல்லாத ஒன்று. நம் வேலை வெளியே தெரியாது. தெரியாமல் செய்தால்தான் நாம் நல்ல ஆள். ஆனால் தெரியாமலே போனால் ஒரு வீடு கவிழ்ந்துவிடும். கவிழப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மெட்டுகுடாவில், ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கிற தூரத்தில், சூசை அங்கிள் வீடு. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் அப்பா ரயிலில் விசில் ஊதிக் கொடி காட்டுகிற கார்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இங்கேயே வேர் பிடித்த குடும்பம். அங்கிளுக்குத் தெலுங்கு வரும், ஆனால் அதையும் திருநெல்வேலியில்தான் பேசுவார். வீட்டில் அவரும் புஷ்பம் ஆன்ட்டியும் மட்டும். ஒரே மகள் பெங்களூரில்.

அங்கிளுக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும் வியாதி என்று நினைப்பீர்கள். நடுக்கம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கால். போ என்று மூளை சொல்லும், கால் கேட்காது. தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடும், அதுவும் வாசற்படி வந்தால் கட்டாயம் நிற்கும். அப்போது இழுத்தால் விழுவார். கண்ணெதிரே தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் கால் தானாக எழும்பும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் ராஜா. அடுத்த மாத்திரை நேரம் நெருங்க நெருங்க உடம்பு பூட்டிக்கொள்ளும்.

இதற்கு நானும் அங்கிளும் சில ஏற்பாடுகள் வைத்திருந்தோம். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் நான் விசில் அடிப்பேன். கார்டு பிள்ளை இல்லையா, விசில் கேட்டால் உடம்பு கிளம்பிவிடும். வாசற்படியில் நின்றுவிட்டால் என் காலைக் குறுக்கே வைப்பேன்.

"இன்னா அங்கிள், மிதிச்சிட்டுப் போங்க பார்க்கலாம்."

"ஒன் கால மிதிச்சா எனக்குத்தாம்ல சீக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிவிடுவார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கிழவரும் ஒரு வெட்டிப்பயலும் வம்பளப்பது போலத்தான் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

என் சம்பளத்தை அங்கிள் கொடுக்கவில்லை. அவர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காப்பீடு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு எல்லா ஊரிலும் இருக்கிறது. இது வேறு. வீட்டில் துணை இல்லாமல் இயங்க முடியாதவருக்குத் துணையாள் வைத்துக்கொடுக்கிற காப்பீடு. நாளைக்கு நாடு முழுக்க எல்லோருக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். ஆனால் எங்கே வந்தாலும், எவ்வளவு பெரிதாக வந்தாலும், ஒரு கேள்வியில்தான் அது நிற்கும். யாருக்குத் துணை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும்.

எங்களைப் பார்க்க ஒரு மேடம் வந்தார். தெலுங்குக்காரர். சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவர் காதுக்குள் போகும், வாயிலிருந்து வராது. அவர் தெலுங்கில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

மேடம் பதினொரு மணிக்கு வருகிறார் என்றதும் அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? விருந்தாளிக்கு நடப்பதெல்லாம் நடந்தது. ஆன்ட்டி நாற்காலிக்கு உறை மாற்றினார். கமோடு நாற்காலியைப் பின்கட்டில் மறைத்து வைத்தார். அங்கிள் ஷேவ் செய்யச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைக் கேட்டார். மாத்திரையை எப்போது போட்டால் பதினொரு மணிக்கு நன்றாக இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். பூசைக்குப் போகும்போது அப்படித்தான் செய்வார்.

மேடம் வந்தார். எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். நான் பழக்கத்தில் விசில் அடித்தேன். அங்கிள் எழுந்தார். மேடம் சிரித்தார். கையை மேலே தூக்கச் சொன்னார், தூக்கினார். சட்டைப் பொத்தான் நீங்களே போடுவீர்களா என்று கேட்டார்.

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா வந்து போடுவான்?" என்றார் அங்கிள். காலையில் போட்டுவிட்டவன் நான், பக்கத்தில் நிற்கிறேன்.

மேடம் ஆன்ட்டியிடம் திரும்பினார். "உங்களுக்கு ஏதும் கஷ்டமா?"

"எனக்கு என்னம்மா கஷ்டம்? இவுக பாவம், ஒரு தொந்தரவும் கெடையாது. நீங்க காப்பி குடிங்க."

வீடுகளில் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுக்கு விதி என்று தண்ணீர் மட்டும் குடித்தார். கிளம்பும்போது அங்கிள் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வாசற்படியில் கால் லேசாகத் தயங்கியது, நான் காலைக் குறுக்கே நீட்டி "மிதிங்க அங்கிள்" என்றேன், அவர் ஒரு திட்டு திட்டிவிட்டுத் தாண்டினார். நல்ல ஜோடி நீங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

அடுத்த வாரம் போனில் செய்தி வந்தது. அங்கிள் துணையின்றி இயங்கக்கூடியவர். அந்த மாதத்தோடு துணையாள் உதவி நிறுத்தப்படும்.

அதைப் படித்ததும் ஆன்ட்டி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது தோள் ஏற்கெனவே போய்விட்டது. இரவில் நான் இல்லாதபோது அங்கிளைக் கட்டிலில் திருப்பிப் போடுவது அவர்தான். பகலிலும் அவரே என்றால் அந்தத் தோள் தாங்காது. பெங்களூர் மகள் போன் செய்தாள். இங்கே ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்குப் படுக்கை சொல்லி வைத்திருக்கிறாளாம். அப்பாவுக்கு மட்டும். அம்மா தன்னோடு பெங்களூருக்கு வந்துவிடலாமாம். கெட்ட பெண் இல்லை, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"அப்ப என்ன ஒரு எடத்துல, ஒன்ன ஒரு எடத்துலங்காளா?" என்று அங்கிள் ஆன்ட்டியிடம் கேட்டார். ஆன்ட்டி அடுப்படிக்குப் போனார்.

ஒரு முறை மட்டும் மேல்முறையீடு செய்யலாம். செய்தோம். அதே மேடம் மறுபடி வருவார் என்றார்கள், அதே பதினொரு மணிக்கு. மதியம் வரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, வீடுகள் வரிசையாகப் போட்டுவிட்டோம், மாற்ற முடியாது என்றார்கள்.

அப்போது நம் சூப்பர்வைசராக இருந்த ராஜு அண்ணா போன் செய்தார். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், தேடாதீர்கள். எங்கள் பேச்சில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.

"கைக்கு டென்ஷன், பிரபு? மேடம் வர்ற அன்னிக்கு காலை மாத்திரை நக்கோ. அவ்ளோதான். தானா படுத்துடுவாரு. பார்த்துட்டு ஃபுல் டே ஆள் எழுதிட்டுப் போவாங்க."

"நக்கோ அண்ணா. ஒரு நாள் மாத்திரை லேட்டானதுக்கே தண்ணி தொண்டைல நின்னுச்சு அவருக்கு."

"அரே, எல்லா வீட்லயும் செய்றாங்கடா."

அதுதான் விஷயம். எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். அந்த மேடம் பார்க்கும் வீடுகளில் படுத்துக் கிடக்கிறவர்களில் சிலர், அவர் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் எழுந்து டீக்கடைக்குப் போகிறவர்கள். அதனால் எழுந்து நிற்பவரை அவர் நம்புகிறார். நம் அங்கிளோ நிற்பதற்காகவே உயிரை விடுகிறவர். உங்களிடமும் ஒருநாள் இப்படி ஒரு போன் வரும். மாத்திரையில் கை வைக்கச் சொன்னால், சொல்வது யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லாதீர்கள். யோசித்தால் ஒத்துக்கொண்டுவிடுவீர்கள்.

சரி, நடிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது என்றால் என்ன செய்வது? அங்கிளிடம் பேச வேண்டும். மனிதர் பேச விடமாட்டார். அதனால் மேடம் வருகிற அன்று காலை ஷேவ் செய்யும்போது பேசினேன். தாடையில் பிளேடு இருக்கும்போது எதிர்ப்பேச்சு வராது.

"அங்கிள், ராஜு அண்ணா மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. நான் குடுத்துட்டேன், நீங்களும் முழுங்கிட்டீங்க. அது முடிஞ்சுது. இப்ப ரெண்டாவது மேட்டரு. ஆடாதீங்க, மூக்கு போயிடும். போன வாட்டி நீங்க எழுந்து நின்னதை மேடம் பார்த்தாங்க. என் விசிலை ஜோக்குன்னு நினைச்சிட்டாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவங்கள நல்லா ஏமாத்தினோம். இன்னிக்கு உங்களுக்கு இன்னா முடியலையோ அதை அவங்க பார்க்கணும்."

துண்டால் முகத்தைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"பேசி முடிச்சிட்டியால?"

"ஹவ் அங்கிள்."

"பிளேட வச்சுக்கிட்டுப் பேசுத பய நீ. இப்ப நான் பேசுதேன். பூரா வயசும் ரெண்டு கால்ல நின்னு வேல பாத்தவன் நான். ஒரு பொம்பளப்பிள்ள வீட்டுக்கு வந்து, நான் கெடந்து முழிக்கதப் பாத்து எழுதிட்டுப் போகணுமா? சர்க்கஸா நடக்கு இங்க?"

"அவங்க பார்க்கலன்னா பார்க்குறது ஆன்ட்டி மட்டும்தான் அங்கிள். ராத்திரி ஆனா உங்கள யாரு திருப்பிப் போடுறது, நானா?"

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் ஆன்ட்டி வெந்நீர்ச் சொம்போடு வந்தார். சொம்பு இடது கையில் இருந்தது. வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். அங்கிள் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டையக் கொண்டா" என்றார். அதே வெள்ளைச் சட்டை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு மேடம் வந்தார். கமோடு நாற்காலியை மட்டும் நான் ஹாலிலேயே விட்டிருந்தேன். ஆன்ட்டி முறைத்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். மேடம் எழுந்திருக்கச் சொன்னார். நான் விசில் அடிக்கவில்லை. அங்கிள் கைப்பிடியை அழுத்தி, முன்னும் பின்னும் ஆடி, முக்கி முனகி, தானாகவே எழுந்து நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை. முகத்தில் என்னை ஜெயித்த சிரிப்பு. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"நல்லாத்தானே இருக்கார்" என்றார் மேடம். கிளம்பப் பையை எடுத்தார்.

அப்போது அங்கிள் கேட்டார், "மத்தியானச் சாப்பாடு எங்க வச்சு சாப்பிடுவீங்க?"

"டப்பா இருக்கு அங்கிள். அடுத்த வீடு மாரெட்பள்ளி. அது முடிஞ்சு எங்கயாவது மரத்தடில."

"ரோட்டுலயா? நீங்க எங்க வீட்டுல சாப்பிடக் கூடாது, அது ஒங்க ரூல். ஒங்க டப்பாவ எங்க வீட்டு டேபிள்ல தொறக்கக் கூடாதுன்னு ரூல் உண்டா?"

மேடம் யோசித்தார். அப்படி ஒரு விதி இல்லை போலிருக்கிறது.

"வாங்க. கை கழுவத் தண்ணி உண்டு, ஃபேன் உண்டு. வரணும்."

மேடம் போனதும் அங்கிள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாரெட்பள்ளி போய்விட்டு அவர் திரும்பும் நேரம், அங்கிளின் மாத்திரை வேகம் அடங்கும் நேரம். அந்தக் கணக்கு என்னைவிட அங்கிளுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மேடம் வருவாரா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பசி தெரிந்தது. டப்பாவைத் திறந்தார், சப்பாத்தியும் வெண்டைக்காயும். அங்கிளுக்கு மீன் குழம்பு. முதல் சில கவளம் அவரே சாப்பிட்டார். பிறகு கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. ஆன்ட்டி நாற்காலியை நெருக்கிப் போட்டு, இடது கையால் ஊட்டத் தொடங்கினார். தினமும் செய்வது. ஆனால் தினமும் எதிரே யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மேடம் மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"வலது கை என்னாச்சு ஆன்ட்டி?"

ஆன்ட்டி வழக்கம்போல, "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"பொய்" என்றார் அங்கிள். குரல் தாழ்ந்து போயிருந்தது. "என்னத் தூக்கித் தூக்கிப் போச்சு. சொல்லுட்டி."

ஆன்ட்டி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேடம் டப்பாவைக் கழுவி மூடிக் கிளம்பினார். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் விசில் அடித்தேன். ஒரு விசிலுக்கு எழவில்லை. இன்னொன்று அடித்து, முதுகுக்குப் பின்னால் கையும் கொடுத்தேன். எழுந்தார்.

"நீங்க இருங்க அங்கிள், நான் போய்க்கிறேன்" என்றார் மேடம்.

"வந்தவங்கள கேட்டு வரைக்கும் வந்து அனுப்பாம நான் என்ன மனுசன்?"

ஹாலைத் தாண்ட வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. வாசற்படியில் கால் நின்றது. மேல் உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதம் தரையைவிட்டு எழவில்லை. பேன்ட் துணி மட்டும் படபடவென்று நடுங்குகிறது. என் கால் தானாகக் குறுக்கே போனது.

"கால எடுல."

"அங்கிள்..."

"எடு. அவங்க பாக்கட்டும்."

எடுத்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், தொண்ணூறு கிலோ ஆளைத் தூக்கியதைச் சொல்லமாட்டேன். அங்கே சும்மா நின்றதைச் சொல்வேன். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தொடாமல் நின்றேன். ஒரு ரயில் போனது. டம்ளர்கள் கிணுகிணுத்து அடங்கின. அங்கிள் அங்கேயே நின்றார். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. ஆன்ட்டி அடுப்படி வாசலில் வந்து நின்றார், பக்கத்தில் வரவில்லை.

"மேடம்" என்றார் அங்கிள், திரும்பிப் பார்க்க முடியாமல், தெருவைப் பார்த்தபடி. "காலம்பற நீங்க பாத்ததும் நான்தான். இதும் நான்தான். ரெண்டையும் எழுதுங்க." பிறகு என்னிடம், "இப்ப வைல."

வைத்தேன். தாண்டினார். கேட் வரைக்கும் போனார்.

மேடம் ஸ்கூட்டிமேல் கை வைத்தபடி என் காலையே பார்த்தார். "போன தடவை இது ஏதோ ஜோக்குன்னு நினைச்சேன்."

"ஜோக்குதான் மேடம். அதுலதான் நடக்குறாரு."

அவர் கிளம்பவில்லை. ஹெல்மெட்டை ஸ்கூட்டிமேல் வைத்துவிட்டு எங்கள் பின்னாலேயே திரும்பி வந்தார். விசில் எதற்கு, பொத்தான் யார் போடுவது, இரவில் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாசற்படியில் அங்கிள் மறுபடி நின்றார். நான் காலை நீட்டப் போனேன். அதற்குள் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைக் குறுக்கே வைத்தார்.

"தாண்டு அங்கிள்" என்றார், தமிழில். அவர் வாயிலிருந்து வந்த முதல் தமிழ்.

அங்கிள் குனிந்து பார்த்தார். "இது நல்ல காலா இருக்கு. ஒன் கால் மாதிரி இல்லல" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தாண்டினார்.

ஆளை நிறுத்தவில்லை. இரவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதியோர் இல்லத்துப் படுக்கையை மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது பார்க்க வரும் அன்று உங்கள் கையை ஒளித்து வைக்காதீர்கள். நோயாளி நன்றாக இருக்கிறார் என்று சொன்னால், யார் கை கொடுத்ததால் நன்றாக இருக்கிறார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவின் தோளைக் கேளுங்கள், அவர்கள் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள். நாடு முழுக்கக் காப்பீடு வந்தாலும் இதை நாம்தான் செய்ய வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். என் முதுகு போனதிலிருந்து அந்த வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியாகப் போனவன் ரொம்ப மரியாதையான பையன், காலை நீட்ட வெட்கப்படுகிறான் என்று அங்கிள் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை உங்களில் ஒருவர் போக வேண்டும். மார்க் ஷீட்டெல்லாம் வேண்டாம். விசில் அடிக்கத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். நேற்றுச் சிரித்த அந்த இரண்டு பேர் முதலில்.